மேடை விளக்கு துடித்தால் லாப்டாப்பை மாற்ற வேண்டுமா? அறிகுறி வாரியாகப் பார்க்கலாம்

தென்னாப்பிரிக்காவில், டர்பனைச் சுற்றி சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் என்று எந்தப் பக்கம் போனாலும், அரங்கேற்றத்துக்கும் கோயில் விழாவுக்கும் விளக்கு இயக்குபவர்களில் தொண்டர்கள் நிறைய. கையில் இருப்பது ஒரு பழைய லாப்டாப், யாரோ கொடுத்துவிட்டுப் போன யூஎஸ்பி-டிஎம்எக்ஸ் கருவி (கணினியின் கட்டளையை விளக்குக்குப் புரியும் டிஎம்எக்ஸ் சிக்னலாக மாற்றும் பெட்டி), கொஞ்சம் எல்இடி பார் விளக்குகள். நிகழ்ச்சியில் விளக்கு துடித்தால் போதும், அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் "புது லாப்டாப் வாங்கிவிடலாம்" என்று முடிவாகிவிடும். அது கோயில் காசு, பெற்றோர் சேர்த்துக் கொடுத்த காசு. கோளாறு ஓரிடத்தில் இருக்க, காசு வேறிடத்தில் போவதைப் பார்க்க மனசு பொறுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். ஒரு டிஎம்எக்ஸ் கேபிளில் போவது 512 எண்கள்தான். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. முழு 512 எண்களும் நொடிக்கு அதிகபட்சம் 44 தடவை போகும். 1986-ல் வகுத்த முறை இது. இன்றைக்குக் கடையில் கிடைக்கும் எந்தக் கணினிக்கும் இது பெரிய வேலையே இல்லை. சிக்கல் வேகத்தில் இல்லை, சீரில் இருக்கிறது. மிருதங்கக்காரருக்கு விரல் வேகம் எவ்வளவு இருந்தாலும் தாளம் நழுவினால் ஆடுகிறவர் கால் தடுமாறுகிறதே, அதே கதைதான் இங்கேயும். கணினி ஒரு கணம் வேறு வேலைக்குத் திரும்பினால் விளக்கு காட்டிக்கொடுத்துவிடும். அதனால் காசு போக வேண்டிய வரிசை: முதலில் டிஎம்எக்ஸ் கருவி, அடுத்து நெட்வொர்க் கேபிளும் மின்சாரப் பாதுகாப்பும், கடைசியில் பிராசஸர்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் தொடக்கம் ஒன்றே. எல்லா விளக்கையும் கழற்றிவிட்டு, ஒரே ஒரு விளக்கை ஒரு குட்டைக் கேபிளில் கருவியோடு நேரே இணையுங்கள். அதில் கோளாறு இல்லையென்றால் கணினியை விட்டுவிடுங்கள். குற்றம் கேபிளிலோ வரிசையின் நடுவில் உள்ள ஏதோ ஒரு விளக்கிலோ இருக்கிறது. குறிப்பாக, வரிசையின் கடைசி இரண்டு மூன்று விளக்கு மட்டும் பைத்தியம் பிடித்தது போல் ஆடினால், கடைசி விளக்கின் வெளிவாயில் 120 ஓம் டெர்மினேட்டர் (சிக்னல் எதிரொலிக்காமல் தடுக்கும் முனை) போட்டுப் பாருங்கள். பாட்டுக்காரரின் மைக் கேபிளை டிஎம்எக்ஸுக்குப் போட்டிருந்தால் அதையும் மாற்றுங்கள். முனை பொருந்தும், ஆனால் உள்ளே இருக்கும் கம்பி வேறு.

ஃபேட் ஆகும்போது விளக்கு வெட்டி வெட்டி இறங்குகிறது

அதிகம் கேட்கும் புகார் இது. பதம் முடியும் இடத்தில் மெதுவாக இருளும்போதுதான் கண்ணுக்குத் தெரியும். நாட்டிய டீச்சர் வந்து, "தம்பி, அபிநயத்துல முகத்த பாக்கவே விடமாட்டேங்குது இந்த லைட்டு" என்பார். அவர் சொல்வது நியாயம். ஆனால் இந்த ஒரே அறிகுறிக்குள் இரண்டு வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

விளக்கு பிரகாசமாக இருக்கும்போது வழவழப்பாக இறங்கி, கடைசியில் மங்கும் இடத்தில் மட்டும் வெட்டுகிறதா? அது விளக்கின் குணம். கணக்கைப் பாருங்கள்: 20 சதவீதத்திலிருந்து பூஜ்ஜியத்துக்கு 10 நொடியில் இறக்குகிறீர்கள். 255-ல் 20 சதவீதம் 51. அதாவது 10 நொடிக்கு 51 நிலைகள், நொடிக்கு ஐந்து. மங்கிய வெளிச்சத்தில் ஒவ்வொரு நிலையும் கண்ணுக்குத் தெரியும். லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய கணினியும் இதை மாற்றாது. விளக்கின் மெனுவில் டிம்மர் வளைவு, டிம்மர் வேகம் என்ற அமைப்பு இருக்கிறதா பாருங்கள். மெதுவான டிம்மர் நிலைக்கு மாற்றினாலே பல விளக்குகள் நிலைகளுக்கு இடையே தாமே நிரப்பிக்கொள்ளும். 16-பிட் முறை இருந்தால் இன்னும் நல்லது. ஒரு சேனலுக்கு (அந்த 512 எண்களில் ஓர் இடத்துக்கு) பதில் இரண்டு சேனல் போகும், அவ்வளவுதான்.

எந்த வெளிச்சத்திலும், ஒழுங்கில்லாமல், திடீர் திடீரென்று சொடுக்குகிறதா? அப்போது கணினியையும் கருவியையும் சந்தேகிக்கலாம். சோதிப்பது சுலபம். 20 நொடி ஃபேட் ஒன்றை ஓடவிட்டு, அந்த நேரத்தில் ஒரு ஜன்னலைப் பிடித்துத் திரையில் இங்குமங்கும் இழுங்கள், பிரவுசரைத் திறங்கள், வைஃபையை அணைத்துப் போடுங்கள். நீங்கள் தொடும்போதெல்லாம் விளக்கு சொடுக்கினால், உங்கள் கருவி மூளையில்லாத வகை.

கடுமையாகச் சொல்லவில்லை, உள்ளே இருப்பது அதுதான். என்டெக் ஓப்பன் டிஎம்எக்ஸ் போன்ற மலிவு வகைக் கருவிக்குள் யூஎஸ்பியை சீரியலாக மாற்றும் ஒரு சிப் இருக்கும். தனியாக நேரம் காக்கும் மைக்ரோகண்ட்ரோலர் கிடையாது. ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் வர வேண்டிய இடைவெளியைக்கூடக் கணினிதான் கணக்குப் பார்த்துப் போட வேண்டும். விண்டோஸ் அந்தக் கணத்தில் ஆன்டிவைரஸைக் கவனிக்கப் போய்விட்டால் சுற்று தாமதமாகும். அதே நிறுவனத்தின் டிஎம்எக்ஸ் யூஎஸ்பி ப்ரோ போன்ற வகையில் மைக்ரோகண்ட்ரோலர் உண்டு. கணினி புது எண்களைக் கொடுத்தால் போதும், கேபிளில் சீராக அனுப்பும் பொறுப்பைக் கருவியே ஏற்கும். கணினி கொஞ்ச நேரம் தூங்கினாலும் கடைசி எண்களை விடாமல் அனுப்பிக்கொண்டிருக்கும். இந்த அறிகுறிக்குப் புது லாப்டாப் வாங்குவது பெரும்பாலும் வீண். அந்தக் காசில் சிறு பங்கு கொடுத்து நல்ல கருவி வாங்கினால் பழைய லாப்டாப்பே ஓடும். கியூஎல்சி ப்ளஸ் போன்ற இலவச விளக்கு மென்பொருள் ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினியில்கூட ஓடுகிறது என்றால் பத்து வருடத்துக்கு முந்தைய ஐ5 லாப்டாப்புக்கு என்ன குறை?

நல்ல கருவி போட்டும் சொடுக்கினால், லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருளைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். எந்த டிரைவர் கணினியை நிறுத்தி வைக்கிறது என்று பெயர் சொல்லிக் காட்டும். அடிக்கடி மாட்டுவது வைஃபை டிரைவர். நிகழ்ச்சி நேரத்தில் வைஃபை, புளூடூத் இரண்டையும் அணைப்பது எப்படியும் நல்ல பழக்கம்.

நடு நிகழ்ச்சியில் யூஎஸ்பி கருவி காணாமல் போகிறது

எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது "கருவி இல்லை" என்று மென்பொருள் சொல்லும். பிடுங்கிச் சொருகினால் வந்துவிடும். விண்டோஸ் மின்சாரம் மிச்சம் பிடிக்கிறது என்பதுதான் முதல் சந்தேகம். பவர் ஆப்ஷன்ஸில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் என்பதை நிறுத்துங்கள். டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு யூஎஸ்பி ரூட் ஹப்பிலும், மிச்சம் பிடிக்க இதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுங்கள். சில புது லாப்டாப்புகளில் முதல் அமைப்பு கண்ணிலேயே படாது. அப்போது இரண்டாவதை மட்டுமாவது செய்யுங்கள்.

அடுத்து கேபிள். யூஎஸ்பி 2 கேபிளின் எல்லை 5 மீட்டர். பால்கனியில் லாப்டாப், மேடையோரம் கருவி என்று யூஎஸ்பியை நீட்டியிருந்தால் அதைத் திருப்பிப் போடுங்கள்: கருவி லாப்டாப் பக்கத்தில் இருக்கட்டும், டிஎம்எக்ஸ் கேபிள் நீளட்டும். அது 300 மீட்டர் வரை போகும். மிடி ஃபேடர் பலகை, மவுஸ், டாங்கிள் (மென்பொருளின் உரிமச் சாவி), டிஎம்எக்ஸ் கருவி எல்லாம் ஒரே சின்ன ஹப்பில் தொங்கினால் தனி அடாப்டர் உள்ள ஹப்புக்கு மாறுங்கள். அதிலும் டிஎம்எக்ஸ் கருவி மட்டும் லாப்டாப்பில் நேராக இருக்கட்டும்.

நம் கடலோரத்தில் இன்னொன்றும் உண்டு. ஐசிப்பிங்கோ பக்கத்து மண்டபங்களில் வருடக்கணக்கில் இருந்த லாப்டாப்பின் யூஎஸ்பி வாயை டார்ச் அடித்துப் பாருங்கள். தங்க நிறத்தில் இருக்க வேண்டிய தகடுகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். உப்புக் காற்றின் வேலை. காண்டாக்ட் கிளீனர் கொஞ்ச நாள் தாங்கும். தகடு அரித்துப் போயிருந்தால், இங்கேதான் லாப்டாப் மாற்றுவதற்கு உண்மையான காரணம் இருக்கிறது.

விலை மிகக் குறைந்த கருவிகளில் போலிச் சிப் இருப்பதும் உண்டு. 2014-ல் விண்டோஸ் அப்டேட்டோடு வந்த, எஃப்டிடிஐ என்ற சிப் நிறுவனத்தின் டிரைவர் ஒன்று போலிச் சிப்புகளை வேலை செய்யாமல் ஆக்கியது. நேற்று ஓடியது இன்று அப்டேட்டுக்குப் பிறகு ஓடவில்லை என்றால் இதையும் நினைவில் வையுங்கள்.

சார்ஜர் சொருகியிருக்கும்போது மட்டும் துடிக்கிறது

சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். துடிப்பு நின்றால் எர்த் பிரச்சினை. இரண்டு முள் சார்ஜருக்கு எர்த் கிடையாது. லாப்டாப்பின் உலோகத்தைத் தடவினால் மெல்லிய கூச்சம் தெரியும். அந்தக் கசிவு யூஎஸ்பி வழியாக டிஎம்எக்ஸ் கேபிளின் உறைக்குப் போய், மேடையில் டிம்மரின் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டியின்) எர்த்தைத் தேடுகிறது. மேடைக்கு ஒரு பாயிண்ட், பால்கனிக்கு வேறு பாயிண்ட் என்று மின்சாரம் எடுக்கும் பழைய மண்டபங்களில் இது இன்னும் மோசம்.

மின்தனிமை உள்ள (இரு பக்கத்துக்கும் மின் தொடர்பில்லாமல் சிக்னலை மட்டும் கடத்தும்) டிஎம்எக்ஸ் கருவி அல்லது ஆப்டிகல் ஸ்ப்ளிட்டர் ஒன்று போட்டால் தீர்ந்தது. இது துடிப்புக்கு மட்டுமான மருந்தல்ல. மேடையில் ஒரு விளக்கில் ஷார்ட் ஆகி 230 வோல்ட் டிஎம்எக்ஸ் கேபிளில் ஏறினால், நடுவில் இந்தத் தடுப்பு இருந்தால் லாப்டாப்பும் அதன் மேல் கை வைத்திருக்கும் பிள்ளையும் தப்பலாம். தயவுசெய்து இந்தச் செலவைத் தள்ளிப் போடாதீர்கள். எர்த் முள்ளை வெட்டி எறிந்து ஹம் சத்தத்தை அடக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதை எங்கே பார்த்தாலும் நிறுத்துங்கள்.

வீட்டில் நன்றாக ஓடியது, மண்டபத்தில் நெட்வொர்க் விளக்குகள் தாவுகின்றன

டிஎம்எக்ஸ் எண்களை நெட்வொர்க்கில் அனுப்பும் ஆர்ட்-நெட் அல்லது எஸ்ஏசிஎன் முறையில் நோடுக்கு (அதைத் திரும்ப டிஎம்எக்ஸாக மாற்றும் பெட்டிக்கு) அனுப்புபவர்களுக்கு இது. ஒரு யூனிவர்ஸ், அதாவது 512 எண்களின் ஒரு தொகுதி, முழு வேகத்தில் போனாலும் நொடிக்கு 0.2 மெகாபிட் அளவுதான். ஆகவே "நெட் ஸ்லோ" என்று வேகமான ரவுட்டர் வாங்காதீர்கள். வைஃபையின் நோய் வேறு. எல்லோருக்குமாக ஒலிபரப்பும் தகவல் வைஃபையில் போய்ச் சேர்ந்ததா என்று யாரும் உறுதி கேட்பதில்லை, தொலைந்தால் தொலைந்ததுதான். வெற்று மண்டபத்தில் ஒத்திகை பார்க்கும்போது எல்லாம் போய்ச் சேரும். சனங்கள் வந்து உட்கார்ந்து, எல்லார் பையிலும் ஒரு போன் பேசிக்கொண்டிருக்கும்போது தொலைய ஆரம்பிக்கும். கேபிள் போடுங்கள். பழைய 100 மெகாபிட் ஸ்விட்ச்சே போதும். கேபிள் இழுக்கவே முடியாத இடமென்றால், நோடின் முகவரியைக் குறிப்பிட்டு அதற்கு மட்டும் அனுப்பும் யூனிகாஸ்ட் முறைக்கு மாற்றுங்கள்.

கேபிள் போட்டும் ஒன்றும் வரவில்லையா? வைஃபையும் ஈதர்நெட்டும் சேர்ந்து இயங்கும்போது மென்பொருள் தப்பான பக்கம் அனுப்பிக்கொண்டிருக்கலாம். எந்த நெட்வொர்க் அடாப்டர் என்பதை மென்பொருளிலேயே தேர்ந்தெடுங்கள். ஆர்ட்-நெட்டுக்கு முகவரி 2.0.0.10, மாஸ்க் 255.0.0.0 என்று கையால் கொடுத்து, நோடுக்கும் அதே 2-ல் தொடங்கும் வேறொரு முகவரி கொடுங்கள். ஃபயர்வாலில் 6454 போர்ட்டைத் திறந்து விடுங்கள். எஸ்ஏசிஎன் என்றால் 5568. எஸ்ஏசிஎன் சில நிமிடம் ஓடிவிட்டு நிற்கிறது என்றால் ஸ்விட்ச்சில் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் இருந்து அதற்குத் துணையான குவெரியர் இல்லாமல் இருக்கலாம். விவரம் புரியாவிட்டால் அமைப்பே இல்லாத சாதா ஸ்விட்ச் ஒன்றைப் போட்டு ஓட்டுங்கள், தப்பில்லை.

ஒரு மணி நேரம் போனால் எல்லாம் மெதுவாகிறது

அலாரிப்புக்கு 'கோ' பட்டன் அழுத்தியதும் க்யூ (முன்பே பதிந்து வைத்த விளக்கு நிலை) போனது. வர்ணம் நடுவில் அழுத்தினால் தயங்கிப் போகிறது. சூடு. தைப்பூசம் வருவது இங்கே கொளுத்தும் கோடையில். மண்டபத்தின் பால்கனியில் தகரக் கூரைக்குக் கீழே, காற்றே இல்லாத இடத்தில்தான் விளக்குக்காரருக்கு இடம் ஒதுக்குவார்கள். பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இதோடு ஹேசர் (மேடையில் மெல்லிய மூட்டம் போடும் இயந்திரம்) புகையின் ஈரமும் கோயில் மண்டபத்தின் கற்பூரக் கரியும் விபூதித் தூளும் சேரும். லாப்டாப்பின் அடிமூடியைத் திறந்தால் விசிறிக்குப் பின்னால், காற்று வெளியேறும் சீப்பு போன்ற தகடுகளுக்கு இடையில், சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி அடைத்துக் கொண்டிருக்கும். விசிறி சுற்றாமல் ஒரு குச்சியால் பிடித்துக்கொண்டு, மெல்லிய பிரஷ்ஷால் எடுங்கள். பிறகு லாப்டாப்பை மேஜைத் துணி மேல் வைக்காமல், அடியில் காற்றுப் போக உயர்த்தி வையுங்கள்.

சுத்தம் செய்தும் மெதுவாகிறது என்றால், 3டி காட்சி ஜன்னல் திறந்திருக்கிறதா பாருங்கள். விளக்கு அனுப்பும் வேலை லேசானது. மேடையைத் திரையில் வரைந்து காட்டும் வேலை கனமானது. நிகழ்ச்சியின்போது அதை மூடுங்கள். வீட்டில் 3டியில் வைத்தே நிகழ்ச்சியை அமைப்பவர், எல்இடி சுவரில் படம் ஓட்டுபவர் ஆகியோருக்கு மட்டும்தான் தனி கிராஃபிக்ஸ் கார்டும் 16 ஜிபி ராமும் உள்ள கணினி அவசியம்.

மின்சாரம் போனதும் விளக்குகள் தாறுமாறாகின்றன

2023 இந்த நாட்டில் லோட்-ஷெடிங் (முறை வைத்து மின்சாரத்தை நிறுத்துவது) மிக மோசமாக இருந்த ஆண்டு. ஆறாம் கட்ட அட்டவணையைப் பார்த்துத்தான் ஒத்திகை நேரத்தையே வைத்தோம். 2024-க்குப் பிறகு நிலைமை நன்றாக மாறியிருக்கிறது. ஆனாலும் தெரு டிரான்ஸ்ஃபார்மர் போவது, மண்டபத்தில் டிரிப் ஆவது எல்லாம் நின்றுவிடவில்லை.

லாப்டாப்புக்கு பேட்டரி இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பார்கள். ஸ்விட்ச்சுக்கும் நோடுக்கும்? ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ளும் சில நொடிக்குள் அவை அணைந்து, திரும்ப எழுந்து நிலைக்கு வர இன்னும் நேரம் எடுக்கும். அதற்குள் விளக்குகளுக்கு மின்சாரம் வந்துவிடும், சிக்னல் வந்திருக்காது. பல எல்இடி விளக்குகள் அப்போது தம் பாட்டுக்கு வண்ணம் மாற்றும் தானியங்கி நிலைக்குப் போய்விடும். மங்களத்தில் சாமி முன்னால் டிஸ்கோ. ஒவ்வொரு விளக்கின் மெனுவிலும் சிக்னல் இல்லாதபோது என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பைத் தேடி, கடைசி நிலையைப் பிடித்துக்கொள் அல்லது இருட்டாகு என்று வையுங்கள்.

நோடுக்கும் ஸ்விட்ச்சுக்கும் பெரிய யூபிஎஸ் தேவையில்லை. லோட்-ஷெடிங் காலத்தில் வீட்டு ரவுட்டருக்கு வாங்கிய சின்ன டிசி யூபிஎஸ் அலமாரியில் சும்மா கிடக்கிறதல்லவா, அதை எடுங்கள். நோடின் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பாருங்கள்: 5, 9, 12 என்று யூபிஎஸ்ஸில் எந்த வாய் அதற்குப் பொருந்துகிறதோ அதில் மட்டும் சொருகுங்கள். ஆம்பியர் போதுமா, நடு முள் பிளஸ்தானா என்பதையும் சரிபார்த்துவிடுங்கள். 9 வோல்ட் நோடை 12-ல் போட்டால் புகைதான்.

மேஜைக் கணினி வைத்திருப்பவர்களுக்கு லைன்-இன்டராக்டிவ் யூபிஎஸ் வேண்டும். ஜெனரேட்டர் ஓடும்போதும் அது விடாமல் பீப் அடித்துக்கொண்டு பேட்டரியிலேயே இருந்தால், ஜெனரேட்டரின் அதிர்வெண் ஆடுவதால் யூபிஎஸ் அதை ஏற்கவில்லை என்று பொருள். பேட்டரி தீர்ந்ததும் கணினி பொட்டென்று அணையும். யூபிஎஸ்ஸின் உணர்திறனைக் குறைத்து வைக்கும் அமைப்பு இருந்தால் மாற்றுங்கள். ஜெனரேட்டரில் ஓடும்போது பழைய ஹாலஜன் விளக்குகள் மட்டும் சிமிட்டினால் அது டிம்மருக்கும் ஜெனரேட்டருக்கும் உள்ள தகராறு, கணினியைத் தொடாதீர்கள்.

திரையில் எல்லாம் நகர்கிறது, விளக்கில் ஒன்றுமே இல்லை

மென்பொருளின் நிபந்தனையைப் படியுங்கள். கிராண்ட்எம்ஏ3 ஆன்பிசி என்ற விளக்கு மென்பொருள் இலவசமாகக் கிடைக்கும், ஆனால் அந்த நிறுவனத்தின் வன்பொருள் இணைக்காமல் விளக்குக்கு எதுவும் அனுப்பாது. ஈடிசி நோமாடு என்ற மென்பொருளுக்கு டாங்கிள் வேண்டும். கியூஎல்சி ப்ளஸுக்கு இந்தத் தடையெல்லாம் இல்லை. கணினி வாங்குமுன் மென்பொருளையும் கருவியையும் தீர்மானியுங்கள். அந்த இரண்டும் ஒத்துப்போகும் இயங்குதளம் எது என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். ஃப்ரீஸ்டைலர் என்ற மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடும். ஆர்ம் பிராசஸர் உள்ள புது விண்டோஸ் லாப்டாப் என்றால், உங்கள் கருவிக்கு அதற்கென எழுதிய டிரைவர் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். பழைய டிரைவர் அதில் ஏறாது.

இத்தனைக்குப் பிறகும் புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால்

பிராசஸர் நடுத்தரமாக இருந்தால் போதும். எஸ்எஸ்டி கட்டாயம், 8 ஜிபி ராம் குறைந்தபட்சம். உடம்போடு வரும் ஈதர்நெட் வாய் ஒன்று, யூஎஸ்பி-ஏ வாய் இரண்டு, எச்டிஎம்ஐ ஒன்று. இவை இருக்கிற தடித்த லாப்டாப், இவை இல்லாத மெல்லிய அழகான லாப்டாப்பைவிட நமக்கு மேல். இரண்டாவது திரையை யூஎஸ்பி அடாப்டர் வழியாக ஓட்டினால் அந்தப் பாரமும் பிராசஸர் மேல் விழும். கம்பெனிகள் கழித்துவிடும் பிசினஸ் வகை லாப்டாப்புகள் பழைய பொருள் கடையில் நல்ல நிலையில் கிடைக்கின்றன. எனக்கு அவைதான் பிடித்தம், அடிமூடி சுலபமாகத் திறக்கும் என்பதற்காகவே.

பணம் கொடுக்குமுன் உங்கள் டிஎம்எக்ஸ் கருவியையும் ஒரு பார் விளக்கையும் கடைக்கே எடுத்துப் போங்கள். நீண்ட ஃபேட் ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, ஒரு வர்ணத்துக்கு ஆகும் நேரமாவது கவனியுங்கள். வாங்கி வந்ததும் வேறு எதையும் அதில் ஏற்றாதீர்கள். நிகழ்ச்சி வாரத்தில் விண்டோஸ் அப்டேட்டை நிறுத்தி வையுங்கள். பழைய லாப்டாப்பைத் தூக்கிப் போடாதீர்கள். அதே மென்பொருளின் அதே பதிப்பை அதில் ஏற்றி, நிகழ்ச்சிக் கோப்பை ஒவ்வொரு ஒத்திகைக்குப் பிறகும் அதிலும் நகலெடுத்து, மேஜைக்கு அடியில் சார்ஜில் வையுங்கள்.